பாதி வரியை நான் பாடினேன், மீதியை டீச்சர் பாடிவிட்டார்

எனக்கு அப்போது 19 வயது. கும்பகோணத்தில் மிருதங்கம் கற்றுக்கொண்டு, கோயில் உற்சவங்களிலும் பள்ளி விழாக்களிலும் வாசித்துக்கொண்டிருந்தேன். கச்சேரி இல்லாத நாள்களில் கீர்த்தனை எழுதுவேன். இரண்டு வருடத்தில் 14 உருப்படிகள் சேர்ந்துவிட்டன. சொல்லும் என்னுடையது, மெட்டும் என்னுடையது. நீளமான கணக்கு நோட்டில் மேலே சுரம், கீழே பாட்டின் சொல்லான சாகித்யம் என்று எழுதி, ஒவ்வொன்றுக்கும் தேதி போட்டு வைத்திருந்தேன். சொல்லையும் இசையையும் ஒருவரே இயற்றினால் அவரை வாக்கேயக்காரர் என்பார்கள். அந்தச் சொல்லை வாய்க்குள் எத்தனை தடவை உருட்டிப் பார்த்திருப்பேன் என்பதற்குக் கணக்கே இல்லை.

வாய்ப்பாட்டு தெரியாதவன் மெட்டுப் போடக் கூடாது என்று என் மிருதங்க ஆசிரியர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டதால், ஒரு பாட்டு டீச்சரிடம் போய்ச் சேர்ந்தேன். பள்ளிக்கூடத்தில் இசை சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். வாரத்துக்கு இரண்டு நாள், காலை ஆறு மணிக்கு. ஒரு நாள் வகுப்பு முடிந்ததும் தைரியத்தை வரவழைத்துக்கொண்டு நோட்டைப் பிரித்தேன்.

முதல் பாட்டு கல்யாணி ராகத்தில். "பாதமே துணையென்று" எனப் பல்லவியின் முதல் பாதியைப் பாடி, மூச்சு வாங்க ஒரு கணம் நின்றேன். டீச்சர் கண்ணை மூடியபடியே "பணிந்தேன் ஐயனே" என்று அடுத்த பாதியைப் பாடிவிட்டார். நான் எழுதியிருந்தது "பணிந்தேன் ஈசனே". ஒரு சொல்தான் வேறு. மெட்டு அச்சாக அதேதான். கடைசியில் காந்தார சுரத்துக்கு இறங்கி நிற்பதுகூட அப்படியே இருந்தது.

தற்செயல் என்று நினைத்துக்கொண்டு இரண்டாவது பாட்டை எடுத்தேன். அதிலும் பாதிக்கு மேல் அவரே முடித்தார். மூன்றாவதில் நான் நிற்கவே இல்லை, வேகமாகப் பாடிக்கொண்டு போனேன். அவர் கூடவே பாடிக்கொண்டு வந்தார். சரணத்தில் மட்டும் ஓரிடத்தில் பிரிந்தோம். அந்த ஒரு இடத்தில் அவர் கண்ணைத் திறந்து, "இதை மறுபடியும் பாடு" என்றார்.

பிறகு நோட்டை வாங்கி மூடி வைத்தார். "இந்தப் பாட்டுகளை நான் இதற்குமுன் கேட்டதே இல்லை, தம்பி. ஆனாலும் எனக்கு எல்லாமே தெரிந்திருக்கிறது. அதுதான் எனக்குக் கஷ்டமாக இருக்கிறது" என்றார். அவர் குரலில் கோபம் இல்லை. உண்மையிலேயே வருத்தம்தான் இருந்தது. நான் வீட்டுக்கு வரும்வரை யாரிடமும் பேசவில்லை.

இப்போது எனக்கு 24 வயது. மெட்டுப் போடுகிற நண்பர்கள் என்னிடம் ஏதாவது கேட்டால், முதலில் இந்தச் சோதனையைத்தான் சொல்கிறேன். சங்கீதம் தெரிந்த ஒருவர் முன்னால் உட்கார்ந்து பாதி வரியைப் பாடுங்கள். மீதியை அவரைப் பாடச் சொல்லுங்கள். இரண்டு பேர், மூன்று பேர் ஒரே மாதிரி முடித்தால் அந்த வரியை நீங்கள் இயற்றவில்லை, கேட்டதை நினைவிலிருந்து எடுத்துவைத்திருக்கிறீர்கள் என்று அர்த்தம். பாராட்டையும் விமர்சனத்தையும்விட இது நம்பகமானது. கேட்பவர் நம் மனம் நோகக் கூடாது என்று பார்க்க வேண்டிய அவசியமே இதில் இல்லை.

அந்த 14 பாட்டுகளையும் பிறகு நிதானமாகப் பார்த்தபோது என் தவறுகள் எனக்கே தெரிந்தன. கல்யாணிப் பாட்டில் "பாதமே" என்ற சொல் ப, த, ம என்ற சுரங்களிலேயே விழும்படி அமைத்திருந்தேன். இதைச் சுவராட்சரம் என்பார்கள். பெரியவர்கள் செய்தது அழகாக இருக்கிறது என்று நானும் செய்தேன். அந்தச் சொல் அங்கே வந்ததற்கு வேறு காரணமே கிடையாது. பாதத்தைப் பற்றி எனக்குச் சொல்வதற்கு ஒன்றும் இருக்கவில்லை. தீட்சிதருக்குக் குருகுஹ, சியாமா சாஸ்திரிக்குச் சியாமகிருஷ்ண, பாபநாசம் சிவனுக்கு ராமதாச என்பதுபோல எனக்கும் ஒரு முத்திரை, அதாவது இயற்றியவரைக் காட்டும் சொல், வேண்டும் என்று பாட்டு எழுதுவதற்கு முன்பே முத்திரையைத் தேர்ந்தெடுத்துவிட்டேன். ஒவ்வொரு சரணமும் அந்தச் சொல்லில் வந்து முடிய வேண்டும் என்பதற்காகவே வளைந்து கிடந்தது.

இன்னொன்று ராகம். 14 பாட்டில் ஒன்பது அபூர்வ ராகங்களில் இருந்தன. கோடீஸ்வர ஐயர் தாய் ராகங்களான 72 மேளகர்த்தா ராகங்களிலும் தமிழில் கீர்த்தனை செய்திருக்கிறார் என்று படித்ததிலிருந்து எனக்கு அந்த ஆசை. யாரும் தொடாத ராகத்தை எடுத்தால் யாரைப் போலவும் இருக்காது என்று நம்பினேன். நடந்தது நேர்மாறு. அந்த ராகங்களோடு கோடீஸ்வர ஐயருக்கு இருந்த பழக்கம் எனக்கு இல்லை. எனக்குத் தெரிந்தது ஆரோகணமும் அவரோகணமும் மட்டுமே. அதனால் மெட்டு ஏணியில் ஏறி இறங்குவதுபோல ஏறி இறங்கியது. பழகாத ராகத்தில் கை தானாகப் போவது பழகிய வழியில்தான். தோடி ராகத்தில் கேட்ட ஒரு பிடியை, அதாவது ஒரு சுரக் கோவையை எடுத்து, சுரத்தை மட்டும் மாற்றிப் பொருத்தியிருந்தேன். அது புதிதாகத் தோன்றியது எனக்கு மட்டும்தான்.

டீச்சர் எனக்கு ஒரு வேலை கொடுத்தார். ஆறு மாதம் எதுவும் எழுதக் கூடாது. ஒரே ராகம், நாதநாமக்ரியா. மாயாமாளவகௌளையின் ஜன்யம், அதாவது அதிலிருந்து பிறந்த ராகம். சரளி வரிசையில் நாம் எல்லோரும் முதன்முதலில் பாடிய அதே சுரங்கள். மேல் சட்ஜத்தைத் தொடாமல் நிஷாதத்தோடு நின்றுவிடும் ராகம். என் குரல் உயரத்தில் போகாது என்பது அவருக்குத் தெரியும். "உன்னிடம் இருக்கிற குரலுக்குள் உட்கார்ந்து யோசி. இல்லாத குரலுக்கு எழுதாதே" என்றார்.

அந்த ராகத்தில் கிடைத்த உருப்படிகளை எல்லாம் கையால் எழுதிப் பார்த்தேன். சுப்பராம தீட்சிதர் 1904இல் எட்டயபுரத்தில் வெளியிட்ட சங்கீத சம்பிரதாயப் பிரதர்சினி என்ற இசை நூலைச் சென்னை மியூசிக் அகாடமி தமிழ் எழுத்தில் கொண்டுவந்திருக்கிறது. அதில் சுரத்தின் அசைவான கமகத்துக்கும் தனித்தனிக் குறிகள் உண்டு. ஜெராக்ஸ் எடுக்காமல் கையால் எழுதினால் ஒரு விஷயம் தெரியும்: எந்த எழுத்தில் சுரம் கூடுகிறது, எந்த எழுத்தை விட்டு வேகமாக நகர்கிறது என்று விரல் கவனிக்க ஆரம்பித்துவிடும். காது கவனிக்காததை விரல் கவனிக்கிறது.

எனக்கு நானே வைத்துக்கொண்ட பயிற்சியும் ஒன்று உண்டு. மிருதங்கக்காரனுக்குத் தானாகத் தோன்றக்கூடியதுதான். பழகிய ஒரு கிருதியை எடுத்து, மெட்டை விட்டுவிட்டு, சொல்லையும் விட்டுவிட்டு, எழுத்து விழுகிற இடத்தில் மட்டும் தொடையில் தட்டுவேன். அது எந்தப் பாட்டு என்று நண்பன் கண்டுபிடிக்க வேண்டும். நல்ல பாட்டுகளில் பெரும்பாலானவற்றை அவனால் கண்டுபிடிக்க முடிந்தது. என் பழைய நோட்டிலிருந்து தட்டினால் எல்லாம் ஒரே பாட்டாகக் கேட்டது. ஆதி தாளத்தில் அரை இடம் தள்ளி எடுப்பு (பாட்டு தொடங்கும் இடம்), நான்கு நான்காக எழுத்து, கடைசியில் ஒரு கார்வை, அதாவது இழுத்து நிற்பது. ராகம் மட்டும்தான் 14, தாளத்தின் நடை ஒன்றே ஒன்று. இதைக் கண்டுபிடித்த இரவில் எனக்குத் தூக்கம் வரவில்லை. வருத்தத்தினால் அல்ல. குறை எங்கே என்று கையை வைத்துக் காட்டக்கூடிய இடம் முதல்முறையாகக் கிடைத்துவிட்டது.

அதற்குப் பிறகு வந்த புரட்டாசியில் ஒரு மதியம், ஆடுதுறைக்குப் பக்கத்தில் ஒரு பஸ் நிறுத்தத்தில் நின்றுகொண்டிருந்தேன். மறுநாள் வாசிப்பதற்காக மிருதங்கத்தை எடுத்துக்கொண்டு மயிலாடுதுறை போக வேண்டும். மேற்கே இருட்டிக்கொண்டு வந்தது. ஈரக் காற்று பட்டால் தோல் தளர்ந்து சுருதி இறங்கிவிடும். சுருதி கூட்டுகிற கல்லையும் மரப் புள்ளையும் வைத்து எத்தனை தட்டினாலும் ஏறாது. உறைக்கு மேல் துண்டைச் சுற்றிவிட்டு வானத்தைப் பார்த்தேன். சாலையில் பாதி அகலத்துக்கு நெல் காய்ந்துகொண்டிருந்தது. குறுவை அறுவடை நேரம். ஓர் அம்மாள் வெறுங்காலால் நெல்லைத் துழாவிக் கிளறிக்கொண்டே வந்தார். அவர் கால் போன வழியெல்லாம் நெல்லில் வாய்க்கால் வாய்க்காலாகக் கோடு விழுந்தது. நான் வானத்தைப் பார்ப்பதைப் பார்த்துவிட்டு, "மழை வருமா, தம்பி?" என்றார்.

"தெரியவில்லையே அம்மா" என்றேன். பஸ் வந்துவிட்டது.

பஸ்ஸில் உட்கார்ந்த பிறகு என் விரல் மிருதங்க உறையின் மேல் எதையோ தட்டிக்கொண்டிருப்பதைக் கவனித்தேன். தகிட தகதிமி. தகிட தகதிமி. மூன்றும் நான்கும், ஏழு. மிஸ்ர சாபு தாளம். அவர் கேட்டதையேதான் தட்டிக்கொண்டிருந்தேன். குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு, குறிலோடு ஒற்று சேர்ந்தால் இரண்டு என்று எண்ணிப் பாருங்கள். ம ஒன்று, ழை இரண்டு. வ ஒன்று, ரு ஒன்று, மா இரண்டு. மூன்றும் நான்கும். பேச்சில் ழை குறுகும். ஆனால் பாட்டில் அதற்கு முழு இடம் கொடுத்தால் அந்தக் கேள்வி தாளத்துக்குள் இடித்துக்கொள்ளாமல் உட்கார்ந்துவிடுகிறது. நான் ஒன்றுமே செய்யவில்லை. ஒரு பெண்மணி தெருவில் நின்று சாதாரணமாகக் கேட்டது, கேட்டபடியே ஒரு தாளத்தில் இருந்தது.

அன்றிலிருந்து நான் வேலை செய்யும் முறை மாறிவிட்டது. முதலில் வரியைப் பேசுவேன். பாடாமல், யாரிடமோ சொல்வதுபோலப் பேசுவேன். கையில் தாளம் போட்டுக்கொண்டே பத்துத் தடவை பேசினால் அது தன் எடுப்பைத் தானே காட்டும். அதற்குப் பிறகுதான் ராகம். முன்பெல்லாம் ராகத்தை முடிவுசெய்து, தாளத்தை முடிவுசெய்து, அதற்குள் சொல்லைத் திணிப்பேன். திணிக்க வசதியான சொல் எது? எல்லோரும் ஏற்கெனவே பாடித் தேய்த்துவைத்த சொல்தான். ஐயனே, ஈசனே, பணிந்தேன் என்பவை என் வாயில் வந்ததற்குக் காரணம் பக்தி அல்ல, மாத்திரைக் கணக்கு.

பல்லவியை இப்படி எழுதினேன்: "மழை வருமா மனம் இரங்கி." பல்லவியை அடுத்து வரும் அனுபல்லவிக்கு எதுகை வேண்டும். இரண்டாம் எழுத்து ழை. "தழை உலர்ந்து தரை பிளந்து" என்று கிடைத்தது. மழைக்குத் தழை எதுகை, தழைக்குத் தரை மோனை, நான்கு துண்டும் மூன்றும் நான்குமாக நிற்கிறது. இரண்டு நாள் கால் தரையில் படாமல் நடந்தேன்.

இங்கே ஒரு நுணுக்கத்தைச் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் தமிழில் எழுதுகிற எல்லோருக்கும் இது வரும். நோட்டில் நான் புலமைக்கு ஆசைப்பட்டு "மனமிரங்கி" என்று சேர்த்து எழுதியிருந்தேன். பாடினால் தாளம் நொண்டியது. காரணம் புரிய ஒரு நாள் ஆனது. மனம், இரங்கி என்று பிரிந்து நின்றால் மூன்றும் நான்கும், ஏழு. சேர்ந்தால் ம, ன, மி, ரங், கி, ஆறுதான். சந்தியில் ஒரு மாத்திரை கரைந்துவிடுகிறது. அதேபோல வல்லினம் மிகும் இடங்களில் ஒரு மாத்திரை கூடும். ஏட்டில் சரியாக இருப்பது தாளத்தில் சரியாக இருக்க வேண்டும் என்பதில்லை. பாடும்போது எங்கே சேர்க்க வேண்டும், எங்கே பிரிக்க வேண்டும் என்பதை எழுதுகிறவனே தீர்மானித்து, சுரத்தோடு சேர்த்து எழுதிக் கொடுத்துவிட வேண்டும். இல்லையென்றால் பாடுகிறவர் தீர்மானிப்பார்.

ராகத்தில் மறுபடி வழுக்கினேன். மழைப் பாட்டு என்றதும் அமிர்தவர்ஷிணி என்று மனம் போய்விட்டது. முத்துசுவாமி தீட்சிதர் "ஆனந்தாம்ருதகர்ஷிணி" பாடி மழை பெய்ததாகச் சொல்லப்படும் கதை யாருக்குத்தான் தெரியாது? அதிலேயே மெட்டுப் போட்டுக்கொண்டு டீச்சரிடம் போனேன். அவர் பாதி வரிச் சோதனையை வைத்தார். சொல்லை அவரால் ஊகிக்க முடியவில்லை. எனக்குச் சந்தோஷம். மெட்டை மட்டும் ஊகித்துவிட்டார். "ராகத்தின் பெயரைப் பார்த்து ராகம் எடுத்திருக்கிறாய். இது மழை கொட்டுகிற சத்தம். உன் வரியில் மழை இன்னும் வரவே இல்லையே" என்றார்.

ஆறு மாதம் கிடந்த நாதநாமக்ரியாவுக்கே திரும்பினேன். கேள்வி கேட்கும்போது தமிழில் கடைசி ஆகாரம் கொஞ்சம் தூக்கி நிற்கும். "வருமா" என்பதில் மா எங்கே போய் நிற்கிறது என்று அந்த அம்மாளின் குரலை நினைவில் ஓட்டிப் பார்த்தேன். பெரிதாக ஏறவில்லை. கேட்கும்போதே பதில் தெரிந்தவர்போல அரை மனத்தோடு ஏறியது. ஸ ரி , க க ம , என்று வைத்தேன் (காற்புள்ளி வந்தால் முந்தின சுரம் இன்னும் ஓர் இடம் நீளும்). ஸட்ஜத்தில் ம, ரிஷபத்தில் ழை, அதில் லேசான அசைவு, காந்தாரத்தில் வரு, மத்யமத்தில் மா. பஞ்சமத்துக்குப் போகவில்லை. போனால் அது அறிவிப்பு ஆகிவிடுகிறது. ஒரே ஒரு சுரத்தில் இருந்தது வித்தியாசம். அந்த ஒரு சுரத்தைக் கண்டுபிடிக்கப் பதினோரு நாள் ஆனது. அந்தப் பதினோரு நாளை நான் வீண் என்று சொல்ல மாட்டேன்.

கேள்வியைப் பல்லவியாக வைப்பது நான் கண்டுபிடித்தது அல்ல என்பதையும் சொல்ல வேண்டும். தியாகராஜர் "நிதி சால சுகமா" என்று கேட்டது கல்யாணியில், அதுவும் மிஸ்ர சாபுவில்தான். அந்தக் கிருதிக்கு நான் எத்தனையோ தடவை வாசித்திருக்கிறேன். கோபாலகிருஷ்ண பாரதியின் நந்தனார் "வருகலாமோ" என்று மாஞ்சி ராகத்தில் கேட்கிறார். கோபாலகிருஷ்ண பாரதி வாழ்ந்த ஆனந்தத்தாண்டவபுரம் நான் பஸ் பிடித்துப் போன மயிலாடுதுறைக்குப் பக்கத்து ஊர். இவையெல்லாம் என் விரலில் முன்பே இருந்தன. அந்த அம்மாளின் கேள்வி என் காதில் பட்டு நின்றதற்கே இந்தப் பாட்டுகள்தான் காரணம் என்று நினைக்கிறேன். கேட்காத காதில் எந்தக் கேள்வியும் தாளமாக விழாது. அதனால் பழைய உருப்படிகளைக் கற்றால் தனித்தன்மை போய்விடும் என்று பயப்படுகிறவர்களிடம் நான் வாதாடவே செய்கிறேன். என் நோட்டில் இருந்த 14 பாட்டும் அதிகமாகக் கற்றதால் கெட்டவை அல்ல. அரைகுறையாகக் கற்றதால் கெட்டவை.

மெட்டு அமைந்த பிறகு பல்லவியையும் அனுபல்லவியையும் டீச்சரிடம் பாடிக் காட்டினேன். நெடுநேரம் ஒன்றும் சொல்லவில்லை. நன்றாக இருக்கிறது என்று சொல்லப்போகிறார் என எதிர்பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அந்த அம்மாள் எதற்காகக் கேட்டார்?" என்றார்.

"நெல் காயப் போட்டிருந்தார், டீச்சர்."

"அப்படியென்றால் மழை வரக் கூடாது என்றல்லவா கேட்டிருக்கிறார்? நீ மழை வர வேண்டும் என்று எழுதியிருக்கிறாயே."

எனக்கு முகம் சூடாகிவிட்டது. அவர் சொன்னது அவ்வளவு எளிமையானது. நெல்லில் ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் போனால் கொள்முதலில் எடுப்பது சிக்கல். அரசு சில வருடங்களில் வரம்பைத் தளர்த்துவது உண்டு. தளர்த்தும்வரை குடும்பமே சாலையில் காவல் இருக்க வேண்டும். டெல்டாவில் பிறந்த எனக்கு இது தெரியாதா? நானே அந்த நிமிடம் மிருதங்கம் நனைந்துவிடுமோ என்றுதானே வானத்தைப் பார்த்தேன்? இரண்டு பேரும் மழைக்குப் பயந்துகொண்டு நின்றிருந்தோம். ஆனால் பேனாவை எடுத்ததும் மழையை வேண்டிப் பாட ஆரம்பித்துவிட்டேன். கீர்த்தனை என்றால் வேண்டுதல், மழை என்றால் வரம். என் கண் முன்னால் நடந்ததைவிட, எங்கோ கேட்ட பாட்டின் பழக்கம் பலமாக இருந்திருக்கிறது.

எனக்கு மிகவும் உதவிய திருத்தம் இதுதான். மெட்டுப் போடுகிறவர்கள் சுரத்தில் மட்டும் நகல் எடுப்பதில்லை. உணர்ச்சியிலும் நகல் எடுக்கிறோம். இந்தச் சந்தர்ப்பத்துக்கு இந்த உணர்ச்சி என்று முன்பே ஒட்டிவைத்த சீட்டு நம்மிடம் இருக்கிறது. சுரத்தில் எடுத்த நகலைப் பாதி வரிச் சோதனை பிடித்துவிடும். உணர்ச்சியில் எடுத்த நகலைப் பிடிக்க வேறொருவர் நம்மிடம் வந்து, அங்கே உண்மையில் என்ன நடந்தது என்று கேட்க வேண்டியிருக்கிறது. இப்போது ஒவ்வொரு பாட்டுக்கும் முதல் பக்கத்தில், சுரம் எழுதும் முன், அந்தச் சொல் எங்கே கிடைத்தது, யார் சொன்னார், எதற்காகச் சொன்னார் என்று மூன்று வரி உரைநடையில் எழுதிவைக்கிறேன். மெட்டு முடிந்ததும் அந்த மூன்று வரியோடு ஒத்துப் பார்க்கிறேன்.

பல்லவியைத் தூக்கி எறிந்துவிடலாமா என்று கேட்டேன். வேண்டாம் என்றார். கீர்த்தனையில் பல்லவி திரும்பத் திரும்ப வரும். அனுபல்லவி முடிந்து ஒரு தடவை, சரணம் முடிந்து ஒரு தடவை. திரும்பி வரும்போது அதே சொல் அதே பொருளோடு வந்தால் எதற்காகத் திரும்ப வேண்டும்? அனுபல்லவியில் தரை பிளந்து கிடக்கிறது, மழை வர வேண்டும். சரணத்தில் நெல் தெருவில் கிடக்கிறது, மழை வரக் கூடாது. சொல் ஒன்றுதான். ஜூன் 12ஆம் தேதி மேட்டூர் திறப்பார்களா என்று காத்திருக்கிறவரும், புரட்டாசியில் வானத்தைப் பார்த்து நடுங்குகிறவரும் ஒரே ஆள்தான். இது தெரிந்ததும் "மனம் இரங்கி" என்ற இரண்டு சொல்லுக்கும் புதிய அர்த்தம் வந்துவிட்டது. இரக்கப்பட்டு வா என்பது, இரக்கப்பட்டு நில் என்றும் ஆனது.

சரணம் எழுத நான்கு மாதம் பிடித்தது. முதலில் எழுதியது இது: "கதிர் அடித்து நெடுந்தெருவில் கருக்கலிலே பரப்பிய நெல்." மாத்திரைக் கணக்கில் குற்றம் இல்லை. டீச்சரின் மாணவி ஒருத்தி, 14 வயது, அதைப் பாடிப் பார்த்தாள். கடைசியில் நான் வைத்திருந்த கார்வை நெல் என்ற சொல்லில் விழுந்தது. "நெ" என்று இழுத்துக்கொண்டே போய்க் கடைசியில் ல் என்று நாக்கை மடித்தாள். சொல்லே உடைந்துபோனது. சீக்கிரம் ல் போட்டால் சத்தம் அடைபட்டுவிடுகிறது. இதை வீட்டில் முணுமுணுத்துப் பார்க்கும்போது நான் உணரவில்லை. என் தொண்டை வாக்கேயக்காரனின் தொண்டை, என் குற்றத்தை எனக்காக மூடிவிடுகிறது. அதனால்தான் பாட்டை மற்றவர் வாயில் கொடுக்க வேண்டும். நன்றாகப் பாடுகிறவர் ஒருவர், சுமாராகப் பாடுகிறவர் ஒருவர். சுமாராகப் பாடுகிறவர் தடுக்குகிற இடத்தைக் குறித்துக்கொண்டால், பத்தில் எட்டு நம் தவறாக இருக்கும்.

"பரப்பியபின்" என்று மாற்றினேன். ன் மூக்கொலி என்பதால் ஒரு கணம் ரீங்கரித்து நேராக "மழை"க்குள் போய்விடுகிறது. நெல் என்ற சொல்லே பாட்டில் இல்லாமல் போகிறதே என்று எனக்கு மனமே இல்லை. "கதிர் அடித்துத் தெருவில் பரப்பியது என்ன என்று நம் ஊர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டுமா?" என்றார் டீச்சர். முத்திரை வைக்கவில்லை. வைக்க இடமும் இல்லை.

அடுத்த வருடம் நவராத்திரியில் டீச்சர் வீட்டுக் கொலுவுக்கு அந்தப் பெண் பாட வந்திருந்தாள். பத்துப் பதினைந்து பேர் இருந்திருப்பார்கள். நான் மிருதங்கத்தோடு அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். இரண்டாவது பாட்டாக இதை எடுத்தாள். பல்லவி, நான் எழுதியபடி. அனுபல்லவி முடிந்து பல்லவிக்குத் திரும்பியபோதும் நான் எழுதியபடி, மா மத்யமத்தில் ஏறி நின்றது. சரணம் போனது. "பரப்பியபின்" என்று முடித்து மறுபடி "மழை வருமா" என்று வந்தவள், மா என்ற எழுத்தில் ஏறவில்லை. மத்யமத்தைத் தொட்டுவிட்டுக் காந்தாரம், ரிஷபம் என்று கீழே இறக்கி, சத்தத்தைக் குறைத்து அங்கேயே நிறுத்திவிட்டாள். நான் அப்படி எழுதவில்லை. யாரும் சொல்லித்தரவும் இல்லை. என் கை தகிடவில் ஒரு கணம் தயங்கியது, பிறகு மிருதங்கத்தின் இடப்பக்கமான தொப்பியை மட்டும் மெதுவாகத் தொட்டுக்கொண்டு அவளோடு போனது.

பாடி முடித்த பிறகு அப்படி ஏன் பாடினாய் என்று கேட்டேன். தப்பாகிவிட்டதோ என்று பயந்துவிட்டாள். "எங்கள் வீட்டில் அம்மா அப்படித்தான் கேட்பார்கள், அண்ணா" என்றாள். அவர்களுக்கும் நிலம் உண்டு.

அன்று இரவு நோட்டை எடுத்தேன். முதலில் எழுதியதை அழிக்கவில்லை. அதன் கீழே பென்சிலால் ஸ ரி , க ம க ரி என்று எழுதி, பக்கத்தில் "சரணத்துக்குப் பின்" என்று குறித்துவைத்தேன்.